மூன்று விசில்

அத்தை சாந்தாமணியின் விரல் நுனியில் ஊசியால் குத்தி, வந்த சொட்டு ரத்தத்தை சுகர் மெஷினில் வைத்துப் பார்த்த லோகப்பிரியா, அதைத் தன் கணவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அறுபத்தொன்று. ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. கிருபாசங்கர் எண்ணைப் பார்த்தான். பிறகு கூடத்தின் நடுவில் ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்த அப்பாவைப் பார்த்தான். அம்மாவுக்கு ஒன்று என்றால் அவர் முகத்தைப் பார்த்துத்தான் இருபத்திரண்டு வருடமாக அவனுக்குப் பழக்கம்.

அப்புசாமி விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். ஏழு மணிக்கு அவருடைய போனில் அலாரம் அடித்தது. சாந்தாமணிக்கு இன்சுலின் போடும் நேரம். அழுதுகொண்டிருந்தவள் பழக்கத்தில் கையை நீட்டினாள். மருமகளும் அதே பழக்கத்தில் போட்டுவிட்டாள். எழவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள், எடுக்கும்வரை கட்டினவள் வாயில் சோறு படக்கூடாது என்பதெல்லாம் ஊசி உள்ளே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அப்புசாமியின் மகள் அக்ஷயா துபாயிலிருந்து கோவையில் வந்து இறங்கி, உடுமலைப்பேட்டை வந்து சேர நான்கு மணி ஆகும், அதன் பிறகுதான் எடுப்பார்கள். இப்போது ஒன்பதுதான்.

லோகப்பிரியா யாரையும் கேட்காமல் இரண்டு கரண்டி சர்க்கரையை அத்தையின் வாயில் போட்டாள். சுற்றியிருந்த பெண்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள். சர்க்கரை மருந்து, சோறுதான் குற்றம் போலிருக்கிறது.

சர்க்கரை கொஞ்ச நேரம்தான் தாங்கும். வெள்ளகோவில் பெரியப்பா கிருபாசங்கரைத் தனியாகக் கூப்பிட்டார். அப்பாவின் அண்ணன், அவர் சொன்னபடிதான் அங்கே எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

"கண்ணு, கடையில நாலு இட்லி வாங்கியாரச் சொல்லு. பின்னால ரூமுல வெச்சு அம்மாளுக்குக் குடுத்துப்போடலாம். ஆருக்கும் தெரிய வேண்டாம்."

பெரியப்பா கெட்டவர் இல்லை. அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி மூன்று வார்த்தைகள் அவருடையவை அல்ல, கிருபாசங்கருடையவை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. சமையலுக்கு ஆள் வைக்க வசதி இல்லாமல் இல்லை. இரண்டு பேரை வைத்துப் பார்த்தார்கள். ருசி பிடிக்காமல் அம்மா பாதித் தட்டோடு எழுந்துவிடுவாள். மூன்றாவதாக அப்புசாமியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனார். அவர் நடத்திய தேங்காய் மண்டியில் அவர் தலையைக் கண்டால் லாரிக்காரர்கள் பீடியை அணைப்பார்கள். அந்த மனிதர் வீட்டில் சின்ன வெங்காயம் உரித்து, அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, மனைவி மெல்லும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது.

பத்து வருடம் முன்பு, பெண் வீட்டார் வருவதாக இருந்த அன்று கிருபாசங்கர் அவரிடம் சொன்னான்: "அப்பா, அவுங்க இருக்கறப்ப சமையக்கட்டுப் பக்கம் போகாதீங்க. ஆருக்கும் தெரிய வேண்டாம்."

அப்புசாமி அப்படியே செய்தார். அன்றிலிருந்து யார் வந்தாலும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தார். அம்மா கூடத்தில் இருக்கும்போது உள்ளே விசில் அடித்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று குக்கரைக்கூடத் தொடமாட்டார், பாத்திரத்தில் வேகவைப்பார். வந்தவர்கள் ருசியைப் புகழ்ந்தால், "எல்லாம் அம்மணி கைப்பக்குவமுங்க" என்பார். அந்தக் கை பக்கத்தில் மடியில் செத்துக் கிடக்கும். இடது கையாலேயே சமாளிக்கிறாள் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எல்லோரோடும் சேர்ந்து மகனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைக்க அவனுக்கு இப்போது கூசியது.

பெரியப்பா பதிலுக்குக் காத்திருந்தார். கிருபாசங்கர் நேராகச் சமையலறைக்குப் போய்க் கதவை விரியத் திறந்தான். அது தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. மூலையில் கிடந்த மட்டைத் தேங்காய் ஒன்றை எடுத்து அடியில் முட்டுக் கொடுத்தான். அடுப்பைப் பற்றவைத்தான்.

அதுவரை அவன் வெந்நீர்கூட வைத்ததில்லை. ஆனால் பார்த்திருக்கிறான். அரிசி முக்கால் டம்ளர், துவரம்பருப்பு கால் டம்ளர். கடுகு, சீரகம், நாலு பல் பூண்டு. கையைச் சுட்டுக்கொண்டான். குக்கரை மூடியபோது பெரியப்பா சமையலறை வாசலில் நின்றார்.

"என்னடா பண்ற? உங்கொப்பன் இன்னும் ஊட்டுக்குள்ள கெடக்கறான்."

"எங்கம்மாளுக்குச் சோறாக்கறேனுங்க. எங்கப்பன் இருபத்திரண்டு வருசத்துல ஒரு நேரங்கூட அவங்களப் பசியோட வெச்சதில்லீங்க. அவரு ஊட்டுக்குள்ள இருக்கறப்ப நானும் வெக்க மாட்டேனுங்க."

நாளைக்குச் சொந்தபந்தம் என்ன பேசும் என்று பெரியப்பா கேட்டார். பேசட்டும் என்றான்.

முதல் விசில் வந்தது. கூடத்தில் ஒப்பாரி நின்றுபோயிற்று. இரண்டாவது விசிலுக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆண்களும் எட்டிப் பார்த்தார்கள். எழவு வீட்டில் குக்கர் விசிலை அவர்கள் யாரும் கேட்டதில்லை. மூன்றாவதும் வந்தது. ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிருபாசங்கர் கூடத்துக்கு வந்து பெட்டியருகில் நின்றான். குரலைத் தாழ்த்தவில்லை.

"இந்த ஊட்டுல நீங்க உண்ட சோறெல்லாம் இவரு ஆக்குனதுங்க. அம்மா இல்லீங்க. நாந்தான் வெளிய சொல்ல வேண்டாம்னேன்."

பெரியப்பா தம்பியின் முகத்தைக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். வருடத்துக்கு நான்கு முறையாவது இங்கே சாப்பிட்டவர், இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவரோடு ஏழெட்டுப் பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள்.

பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து, நெய் விட்டுப் பிசைந்து அம்மாவுக்கு ஊட்டினான். அவள் மறுக்கவில்லை. மென்றாள், விழுங்கினாள், கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமல் அடுத்த வாய்க்குத் திறந்தாள். தட்டு காலியானது.

"உப்புப் பத்துல சாமி" என்றாள். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தாள். "உங்கப்பன் அந்தக் கதவத் தொறந்து வெச்சு ஆக்கோணும்னு எனக்கு ரொம்ப ஆசை."

அவன் தட்டைக் கழுவ உள்ளே போனான். குக்கரைத் திறந்தால் அடியில் இன்னும் ஓர் ஆள் சோறு இருந்தது. அம்மாவுக்கு ஆக்கும்போது அப்பா எப்போதும் தனக்கும் சேர்த்து இரண்டு பேருக்கு அளப்பார், அதே அளவைத்தான் அவனும் போட்டிருந்தான். அம்மா உண்டு முடித்த பிறகு, அடுப்புப் பக்கத்திலேயே நின்றபடி தன் பங்கைச் சாப்பிடுவார்.

கொள்ளி வைக்க வேண்டியவன் அதைத் தட்டில் போட்டுக்கொண்டு, அதே இடத்தில் நின்று, கூடம் முழுக்கப் பார்க்கச் சாப்பிட்டான். உப்பு பத்தவில்லைதான். காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளப் பார்த்தது. தேங்காயில் இடித்து நின்றது.