நிரப்பாத ஜன்னல்

வாரப் பத்திரிகையில் பதினோரு வருஷமாக வந்துகொண்டிருந்த அந்தத் திகில் மங்காவில், அதாவது ஜப்பான் பாணிப் படக்கதையில், வில்லனுக்குப் பெயரே கிடையாது. ஆளைக் கொன்றுவிட்டு அங்கேயே நிற்பான். "ஏன்டா செஞ்சே?" என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்பாள். "சும்மாதான்" என்பான். அவ்வளவுதான் பதில். வாசகர்களே அவனுக்குச் 'சும்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பத்திரிகை ஆசிரியர் தலைபாடாக அடித்துக்கொண்டார். "சின்ன வயசுல அப்பன் போட்டு அடிச்சான், அம்மா விட்டுட்டு ஓடிட்டான்னு ரெண்டு பக்கம் போடுங்க சார். ஒரு காரணம் இருந்தா ஜனங்களுக்குத் தூக்கம் வரும்."

"எங்கப்பா என்னை ஒரு நாளும் அடிச்சதில்லையே" என்றான் கதையை எழுதுகிற அண்ணன்.

ஆசிரியர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் காப்பி வைத்துக்கொண்டிருந்த தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் ஜோக்கடிக்கிற ஆளில்லை என்று அவளுக்குத் தெரியும்.

படங்களை வரைவது அண்ணன். கறுப்பாக வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி ஒன்று போட்டுத் தருவான். குறி கண்ட இடத்தையெல்லாம் தூரிகையால் மை நிரப்புவது தங்கையின் வேலை. இன்ஸ்பெக்டரம்மாவின் கூந்தல், முட்டுச்சந்துகள், சும்மாவின் கோட்டு, செத்தவர்களின் நிழல் எல்லாம் அவள் கைவண்ணம். நகக்கண்ணில் ஏறிய மை எந்தச் சோப்புக்கும் போகாததால் அண்ணன் அவளை 'மசி' என்றே கூப்பிடுவான். பதினோரு வருஷத்தில் ஒரு குறியைக்கூட மசி தவறவிட்டதில்லை. அதில் அவளுக்கு நல்ல தலைக்கனமும் உண்டு.

அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் அண்ணனிடம் ஒரே பதில்தான். குழாய் ஒழுகுகிறதா? "கதை முடியட்டும், பாத்துக்கலாம்." கடைவாய்ப் பல் குத்துகிறதா? "கதை முடியட்டும்." பெண் பார்க்கலாமா என்று சித்தி கேட்டதற்கும் அதே பல்லவி. டாக்டரிடம் மட்டும் மசி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "என்ன கவலை உங்களுக்கு?" என்றார் டாக்டர். "ஒண்ணுமில்லையே" என்றான். பொய்யில்லை. கடன், காதல், நோய், நொடி எதுவும் கிடையாது. காலையில் எழுந்திருப்பது மட்டும்தான் அவனுக்குப் பெரிய மலையாக இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், மாசா மாசம் வரச் சொன்னார். அவனும் போனான், விழுங்கினான். "எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டால், "மாத்திரை நல்லாத்தான் இருக்கு" என்பான்.

கடைசி ஆறு அத்தியாயம் இருக்கும்போது அவன் அலமாரியை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தான். பிறந்ததிலிருந்து ஒரு காகிதத்தை மடித்து வைத்தறியாதவன்! நல்ல தூரிகைகளைக் கழுவித் துடைத்து மசியின் பெட்டியில் வைத்தான். வீட்டுப் பத்திரத்தை உறையில் போட்டு மேலே அவள் பெயரை எழுதினான். குழாயைக்கூட ஆள் விட்டுச் சரிசெய்துவிட்டான். ஒழுகாத அந்தக் குழாயைப் பார்த்தபோதுதான் மசிக்கு விஷயம் உறைத்தது. டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் மருந்தைக் கூட்டினார், தனியே விடாதே என்றார். பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அண்ணன் அறை வாசலிலேயே படுக்க ஆரம்பித்தாள்.

கடைசி அத்தியாயம் ஒரு புதன்கிழமை காலை அவள் மேசைக்கு வந்தது. பதினெட்டுப் பக்கம். சும்மா ஒளிந்திருக்கும் மாடியறையைக் கண்டுபிடித்து இன்ஸ்பெக்டரம்மா கதவைத் தள்ளுகிறாள். கடைசிக் கட்டத்தில் ஆளில்லை. ஒரு நாற்காலி, திறந்த ஜன்னல். "ஏன்?" என்று அவள் கேட்கிறாள். பதில் சொல்லச் சும்மாகூட இல்லை. ஜன்னலுக்குள் ஒரு பெருக்கல் குறி. வெளியே ஒன்றுமில்லை, கறுப்பு என்று அர்த்தம்.

மசி தூரிகையை மையில் தோய்த்தாள். அப்புறம்தான் நாற்காலியைப் பார்த்தாள். முன்கால் ஒன்றில் துணி சுற்றியிருந்தது. போன வருஷம் கால் விரிந்தபோது பழைய பாவாடைக் கிழிசலை எடுத்து அவளே இழுத்துக் கட்டிய துணி. முடிச்சுகூட அப்படியே இருந்தது. அடப்பாவி, இது நம்ம வீட்டு அறையில்லையா!

தூரிகையிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. அவளுக்கு நயமாகப் பேசத் தெரியாது, கதை எழுதத் தெரியாது. தெரிந்ததெல்லாம் கறுப்பு நிரப்புவதுதான். அதனால் அவளால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. அழிப்பானை எடுத்துக் குறியைத் தேய்த்துவிட்டு, ஜன்னலை வெள்ளையாகவே விட்டு, பக்கங்களை உறையில் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் ஆசிரியர் போன் செய்தார். "ஏம்மா, கடைசிக் கட்டத்துல ஜன்னல் வெள்ளையா இருக்கே, சரிதானா?"

"அண்ணன் மாத்திட்டாங்க சார்."

"அப்பாடா! விடிஞ்ச மாதிரி இருக்கு. இப்பவாவது மனசு வந்துச்சே மனுஷனுக்கு."

பத்திரிகை வந்ததும் ஊர் இரண்டுபட்டது. சும்மா திருந்திவிட்டான், வெளிச்சத்தைப் பார்த்து நடந்து போய்விட்டான் என்று ஒரு கட்சி. பதினோரு வருஷம் எதற்கும் அர்த்தமில்லை என்று சொல்லிவிட்டுக் கடைசியில் வெள்ளையடித்துக் கதைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று இன்னொரு கட்சி. ஒருவன் மொத்தத் தொகுப்பையும் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினான். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? பேசித் தீர்க்கட்டும் என்று மசி விட்டுவிட்டாள். அவளுக்கு ஒரே ஒரு வாசகனைப் பற்றித்தான் பயம். அவனோ அச்சானதைப் புரட்டிப் பார்க்கிற வழக்கமே இல்லாதவன்.

ஆனால் ஒரு பெண் போன் செய்துவிட்டாள். அண்ணனே எடுத்தான். "ரொம்ப நன்றி சார். அந்த வெள்ளை ஜன்னலைப் பாத்துட்டு நானும் எங்க வீட்டு ஜன்னலைத் திறந்தேன்" என்றாளாம். அவன் போனை வைத்துவிட்டு நேரே கட்டிலுக்கடியில் இருந்த பார்சலைப் பிரித்தான். ஆசிரியர் அனுப்பிய இருபது பிரதிகள் அதில் இருந்தன.

மசி அடுப்படியிலிருந்து வந்தபோது கடைசிப் பக்கம் அவன் மடியில் விரிந்திருந்தது.

"மறந்துட்டியா?"

"ம்."

"பதினோரு வருஷத்துல ஒரு தடவை மறந்திருக்கியா நீ?"

"இல்ல."

"பின்ன?"

"அது நம்ம நாற்காலிண்ணா" என்றாள்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "அவன் வெளிய எட்டிப் பாத்தான் மசி. ஒண்ணுமில்ல. அதுதான் கதை. நீ அங்க வெளிச்சத்தை வெச்சா அவன் பொய்யனாயிடுவான்ல?"

"ஆகட்டுமே! பொய்யனாவே இருந்துட்டுப் போகட்டும்! பொய்யன்னாலும் உயிரோட இருப்பான்ல?"

"எதுக்கு?"

"எனக்கு நீ வேணும்ணா."

"அது உன் காரணம். அவனுக்கு ஒண்ணு சொல்லு."

மசி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து இரவு வரைக்கும் தேடினாள் என்று சொல்லலாம், அவ்வளவு தூரம் போய்த் தேடினாள். நாளைக்குச் செய்யப்போகிற குழம்பு, சித்தி மகள் கல்யாணம், தெருமுனையில் அவனைக் கண்டால் வாலாட்டுகிற நாய் என்று எல்லாம் வந்தது. எதையும் அவன் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. பெற்ற தாய் இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பாளோ தெரியவில்லை.

அண்ணன் எழுந்தான். அவள் பெட்டியில் தான் வைத்த தூரிகையைத் திரும்ப எடுத்தான். மைப்புட்டியைத் திறந்து, முதல் பிரதியின் ஜன்னலைத் தானே நிரப்ப ஆரம்பித்தான். அச்சுத்தாள் மையை உறிஞ்சித் திட்டுத்திட்டாக நின்றது. காயவிட்டு இரண்டாம் பூச்சு போட வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் ஒன்றுதான் முடிந்தது.

"சாப்பிட வாண்ணா."

"இது காயட்டும்" என்றான். ஆனால் வந்தான். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மறுநாள் கூப்பிடாமலே எழுந்து மேசைக்குப் போனான். "நீ ஓரம் எப்படி வழியாம பூசுற?" என்று கேட்டான். அவள் சொல்லிக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, வெள்ளையாக விட்ட தன் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் குனிந்திருந்த அவன் முதுகு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவதையும் பார்த்தாள்.

ஒரு நாளைக்கு மூன்று, நல்ல வெயிலடித்தால் நான்கு. ஆறாம் நாள் காலையில் முடிந்தவற்றைச் சுவரோரம் அடுக்கியிருந்தான், பதினேழு. கட்டிலில் மூன்று மிச்சம். மசி அந்த மூன்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவும் முடிந்துவிட்டால்? டாக்டரைப் பார்க்க வெள்ளிக்கிழமைதான் முறை. இன்றைக்குச் செவ்வாய்.

வெள்ளிக்கிழமை கொடுத்த நேரத்தை நாளைக்கே மாற்றச் சொல்லி டாக்டரிடம் கெஞ்சினாள், சரி என்றார். அப்புறம் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"சார், கடைசி அத்தியாயம் வந்த இதழ் மிச்சம் இருக்குங்களா?"

"கட்டுக்கட்டா திரும்பி வந்து கிடக்கும்மா. திட்டுறவன் திட்டுறான், எவன் வாங்குறான்? ஏன்?"

"அத்தனையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க சார். இன்னைக்கே."

"அத்தனையுமா? ஆயிரத்துக்கு மேல இருக்கும்மா! எதுக்கு?"

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் தூரிகை புட்டியின் விளிம்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"சும்மாதான் சார்" என்றாள் மசி.