கெசையா போட்ட குறி

ஆயிரத்து எழுநூற்று எழுபத்தைந்தாம் ஆண்டு ஜூன் மாதம் முழுக்கக் கெசையா பர்ட்சாலுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் வாளியைப் பாதி வழியில் வைத்துவிட்டு வேலியோரம் போய்ச் சாலையைப் பார்ப்பாள். சாலையில் யாரும் வரமாட்டார்கள். திரும்பி வந்து, குடைந்த மரக்கட்டையில் மக்காச்சோளத்தை இடிப்பாள். நாலு குத்துக்குள் மூச்சு வாங்கும். ஏழு மாத வயிறு அவளுக்கு. இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்த அன்றே போய்விட்டன.

வீட்டில் சோளம் இல்லாமலில்லை. மாவாக்கித்தான் தர ஆளில்லை. இவர்கள் வண்டியைக் கண்டதும் மாவுமில்காரன் பேரன்ட் ஆஸ்ட்ராண்டர் மதகை இறக்கி மில்லை நிறுத்திவிட்டான். கொல்லன் குதிரைக்கு லாடம் அடிக்க மாட்டேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

எல்லாம் ஒரு காகிதத்தால் வந்தது. ஏப்ரலில் பாஸ்டன் பக்கம் ஆங்கிலேய ராஜாவின் சிப்பாய்களுக்கும் ஊர்க் குடிப்படைக்கும் துப்பாக்கிச் சண்டை மூண்ட பிறகு, நியூயார்க் மாகாணத்தில் ஊருக்கு ஒரு கமிட்டி கூடியது. லண்டன் சபை போடும் வரிகளை ஒப்புக்கொள்ள மாட்டோம், கமிட்டி சொல்கிறபடி நடப்போம் என்று ஒரு பத்திரம் எழுதி, ஆண்கள் அத்தனை பேரிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். போடாதவன் தேசத்தின் எதிரி. அவனோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது, பேச்சும் கிடையாது. கோல்ட்கில் கிராமத்தில் முதலில் ஐந்து பேர் முரண்டு பிடித்தார்கள். ஜூன் பிறந்தபோது மிஞ்சியவன் ஒருவன்தான். அவன் கெசையாவின் கணவன் ஆசஹேல்.

ஆசஹேல் ராஜாவுக்கு வால் பிடிக்கிறவன் இல்லை. தேயிலைக்கு வரி என்றதும் அந்த ஊரிலேயே முதலில் தேநீரை விட்டவன் அவன்தான். இரண்டு வருடமாக வீட்டில் ராஸ்பெரி இலைக் கஷாயம்தான். ஆனால் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த பழைய சண்டைக்குப் போனபோது, இருபத்து மூன்று வயதில், பைபிள்மேல் கை வைத்து ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்திருந்தான். டிகாண்டரோகா கோட்டையில் வாங்கிய குண்டு இன்னும் அவன் இடது காலை இழுத்து நடக்க வைக்கிறது.

"வரிய நானும்தான் திட்டறேன்," என்பான். "ஆனா சொன்னது சொன்னதுதானே? எனக்குக் கஷ்டம் வந்துச்சுன்னு இல்லைன்னு சொல்லிட முடியுமா?"

அவளும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் பேசுவதை விட்டுவிட்டு உலக்கையை எடுத்துக்கொண்டாள்.

மாத நடுவில் ஒருநாள் ஓடைக்கரையில் மருத்துவச்சி ஆன்ட்யாவைப் பார்த்தாள். மில்காரனின் தாய். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரசவம் பார்க்க அவளை விட்டால் ஆளில்லை. ஆன்ட்யா அவளைக் கண்டதும் நின்றாள். பிறகு துணியை அலசுவதுபோல் குனிந்துகொண்டு மெதுவாகப் பேசினாள்.

"என் மகன் கமிட்டியில இருக்கான், உனக்கே தெரியும். உன் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டான். உன் புருஷன ஒரு கோடு போடச் சொல்லும்மா. ஒரே ஒரு கோடு."

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கெசையாவின் கால்கள் ஓடின. ஆசஹேலுக்கு எழுதத் தெரியாது. கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டு அடியில் ஒரு கோடு இழுப்பான். பள்ளி ஆசிரியர் மகளான கெசையாவுக்கு எழுத்து நன்றாக வரும். குறியா போட வராது?

மறுநாள் அவன் புல் அறுக்கப் போனதும், அவள் ஒரு துண்டுத் தாளில் 'பத்திரத்தில் என் பெயரைச் சேர்க்கவும்' என்று எழுதி, கீழே அந்தக் குறியைப் போட்டாள். மூன்று மைல் நடந்து, கமிட்டியின் எழுத்தராக இருந்த தன் தம்பி எலிஃபலெட்டிடம் கொடுத்தாள்.

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமாவே போட்டாராக்கா?"

"பின்ன யாரு போடுவா? கால் வலி, நடக்க முடியல. அதான் நான் வந்தேன்."

எலிஃபலெட் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவனுக்கும் நிம்மதி இருந்தது. பத்திரத்தைப் பிரித்துக் கடைசி வரியில் ஆசஹேல் பர்ட்சால் என்று எழுதி, அந்தத் துண்டை ஊசியால் குத்தி வைத்தான்.

மூன்றே நாளில் ஊர் மாறிப்போனது. ஆசஹேல் வயலில் இருந்தபோது மில்காரன் தானே ஆள் அனுப்பி, அரைக்கச் சோளத்தை எடுத்துவரச் செய்தான். ஆன்ட்யா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தலை இறங்கியிருக்கிறது, பயமில்லை என்றாள். கெசையா மட்டும் முன்னைவிட மோசமாக அலைந்தாள். கதவு தட்டினால் திடுக்கிட்டாள். ஆசஹேல் ஊருக்குள் போகிற வேலை எதுவானாலும் தானே போகிறேன் என்றாள். எத்தனை நாள் தடுக்க முடியும்? வெள்ளிக்கிழமை அவன் அரிவாளைத் தீட்டக் கொல்லனிடம் போனான். கொல்லன் கைகொடுத்து, கடைசியில் நீயும் ஆம்பளை என்று காட்டிவிட்டாய் என்று பாராட்டி அனுப்பினான்.

வீட்டுக்கு வந்தவன் தொப்பியைக் கழற்றவில்லை.

"நீயா?" என்றான்.

"நான்தான்."

அவன் திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குத் திட்டியிருப்பாள். ஆன்ட்யா சொன்னதை, இரண்டு சின்னக் கல்லறைகளை, எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். ஆனால் அவன் வெளியே போய்க் கட்டைமேல் உட்கார்ந்து அந்த அரிவாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மதியம் கமிட்டி சாராயக்கடை மாடியில் கூடும். ஆசஹேல் புறப்பட்டதும் அவளும் சால்வையைப் போட்டுக்கொண்டாள். வராதே என்றான். அவள் கேட்கவில்லை. முன்னால் அவன் கால் இழுத்து நடக்க, பின்னால் அவள் வயிற்றைப் பிடித்தபடி நடந்தாள்.

மாடியில் பதினைந்து பேர் இருந்தார்கள். தலைவர் கேப்டன் ஹெய்ட், பழைய சண்டையில் ஆசஹேலோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர். ஆசஹேல் மேசை அருகே போய், பத்திரத்தில் குத்தியிருந்த துண்டுத் தாளைக் காட்டி, இது என் குறி இல்லை, என் பெயரை அடித்துவிடுங்கள் என்றான்.

யார் போட்டது என்று கேப்டன் கேட்டார். எனக்குத் தெரியாது என்றான் ஆசஹேல். அவன் பொய் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. எலிஃபலெட்டின் முகம் வெளுத்துப்போயிற்று. எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

"நான் போட்டேன்," என்றாள் கெசையா கதவருகிலிருந்து. "என் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது."

கேப்டன் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஆசஹேலைப் பார்த்து, ஏறக்குறையக் கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "ஏம்ப்பா, நீ சத்தியம் பண்ணின ராஜா செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப இருக்கறது அவர் பேரன். அந்தக் கணக்கு முடிஞ்சு போச்சுன்னு வச்சுக்கயேன்."

"அவருக்கும் அவர் வாரிசுங்களுக்கும்னுதானே சொல்லச் சொன்னாங்க? நீயும்தான் பக்கத்துல நின்னு சொன்னே."

கேப்டனின் காது சிவந்தது. அதற்குப் பின் அவர் கெஞ்சவில்லை. ஆசஹேல் பர்ட்சாலின் துப்பாக்கி பறிமுதல், தன் பண்ணை எல்லையைத் தாண்டக் கூடாது, யாரும் அவனோடு தொடர்பு வைக்கக் கூடாது என்று தீர்மானமானது. எலிஃபலெட் எழுதினான். பத்திரத்தின் கடைசி வரியில் இருந்த பெயரையும் அடித்தான்.

கெசையா அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். இப்போது மேசைக்கு வந்து பேனாவைக் கேட்டாள். எதற்கு என்றார்கள்.

"என் பேர எழுதறதுக்கு."

யாரோ ஒருவன் சிரித்தான். பொம்பளைகளிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லையே என்றான் மில்காரன்.

"நீங்க கேக்கலதான். தேயிலை வாங்கக் கூடாதுன்னீங்க, லண்டன் துணி கூடாதுன்னீங்க. உங்க வீட்ல எல்லாம் அதை நிறுத்தினது யாரு, நீங்களா? நான் ரெண்டு வருஷமா நூல் நூத்து, அந்தத் துணியத்தான் கட்டிட்டிருக்கேன். எனக்கு எந்த ராஜாவுக்கும் சத்தியம் கிடையாது. பேனாவக் குடு, பேரன்ட்."

அவள் இமை கொட்டாமல் சொன்ன விதத்தில் மில்காரன் பேரன்ட் பேனாவை நீட்டிவிட்டான். அடித்துப்போட்ட கணவன் பெயருக்குக் கீழே கெசையா பர்ட்சால் என்று எழுதினாள். சபையில் ஒருவருக்கும் அதை ஏற்பதா அடிப்பதா என்று புரியவில்லை. அப்படியே விட்டார்கள்.

திரும்பும் வழியில் பாதித் தூரம் போன பிறகுதான் ஆசஹேல் பேசினான். "அது நெஜமாவே உன் மனசுல இருக்கறதா, இல்ல புள்ளைக்காகவா?"

"ரெண்டும்தான்," என்றாள். "முதல்ல புள்ளைக்காக. அங்க நின்னு பேசப் பேசத்தான் மத்ததும் இருக்குன்னு தெரிஞ்சுது."

அவன் தலையாட்டினான். ஓடையைத் தாண்டும்போது கை கொடுத்தான்.

ஆகஸ்டில் ஆன்ட்யா வந்தாள். நான் பார்க்கப்போவது கையெழுத்துப் போட்டவளின் பிரசவம், போடாதவனுடையது இல்லை என்று மகனிடம் சண்டை போட்டுவிட்டு வந்தாளாம். ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டுப் பெண் குழந்தை பிறந்தது. அழுதது. மறுநாளும் அழுதது. ஃபீபி என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு சுதந்திரப் பிரகடனத்தைச் சாராயக்கடை வாசலில் வாசித்தார்கள். பண்ணையைத் தாண்ட முடியாத ஆசஹேலுக்குக் கெசையா வந்து விவரம் சொன்னாள். அவன் களை கொத்தியபடியே கேட்டுக்கொண்டான். இரு தரப்பிலும் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்பது மட்டும் அவன் முடிவு. அந்த முடிவுக்கும் இடமில்லாத காலம் வந்தது. எழுபத்தெட்டில், புதிய மாநிலத்துக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்யாதவர்களை ஆங்கிலேயர் கையிலிருந்த நியூயார்க் நகருக்கு அனுப்பச் சட்டம் வந்தது. ஆசஹேல் மாட்டேன் என்றான். ஹட்சன் ஆற்றுத் துறையில் படகு நின்றது. மனைவி மக்களும் போகலாம் என்றார் அதிகாரி. கெசையா குழந்தையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, கரைக்கும் படகில் ஏறும் பலகைக்குமாக நடந்தாள். கடைசியில் கரையிலேயே நின்றுவிட்டாள். படகு ஆசஹேலை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

ஆறு வருடம் பண்ணையை அவளே நடத்தினாள். சண்டை முடிந்து, ராஜாவின் கப்பல்கள் அவர் பக்கத்து ஆட்களை, வடக்கே இன்னும் அவர் கையிலிருந்த நோவா ஸ்கோஷியாவுக்கு ஏற்றிக்கொண்டு போனபோது, அங்கே தனக்கு நிலம் தருகிறார்கள், வா என்று ஆசஹேல் யாரையோ பிடித்து எழுத வைத்தான். நான் வரவில்லை, வரமுடிந்தால் நீங்கள் வாருங்கள் என்று அவள் பதில் எழுதினாள்.

எண்பத்து நாலு ஏப்ரலில் அவன் வந்தான். தாடி நரைத்திருந்தது. ஊர் எல்லையில் கொல்லனும் இன்னும் இருவரும் தடியோடு மறித்தார்கள். சேதி கேட்டுக் கெசையாவும் எலிஃபலெட்டும் ஓடினார்கள். இருக்கட்டும், இங்கே இருக்க வேண்டுமானால் மாநிலத்துக்குச் சத்தியம் செய்யட்டும் என்றான் கொல்லன், அவன் செய்ய மாட்டான் என்ற தைரியத்தில்.

"பண்றேன்," என்றான் ஆசஹேல். "ராஜாவே இந்த நாடு என்னுதில்லன்னு எழுதிக் கொடுத்துட்டாரே. இனி என்னைப் பிடிச்சு வச்சிருக்கறது யாரு?"

அங்கேயே, சாலைப் புழுதியில் நின்று, எலிஃபலெட் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னான். ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

அன்று முழுக்கக் கெசையா அவனோடு பேசவில்லை. ஆறு வருடம் அவனுக்காகக் காத்திருந்தவளுக்கு, அவ்வளவு சுலபமாக முடிந்ததில்தான் ஆத்திரம் பொங்கியது. விறகு பிளந்தாள். தேவைக்கு மேல் பிளந்தாள். ஃபீபி கதவிடுக்கில் நின்று அந்தப் புது ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆசஹேல் தோட்டத்துப் பக்கம் போய் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு வந்து, உருளைக்கிழங்கை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டான்.

"கிழக்கால," என்றாள் அவள். "மேக்கால நான் நூலுக்கு ஆளிவிதை போட்டிருக்கேன். அங்க கால வைக்காதீங்க."