இடக்கைக் கத்தி

1

இந்தக் கதை என் தப்பில் ஆரம்பித்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தா. ஒரு பொம்பளை தன் புருஷனின் நல்ல கையை, இடது கையை, துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டு இட்லிப் பொட்டலத்தை அவர் முன்னால் பிரித்து வைத்தாள். வலது கையில் விரல்கள் பாதி மடங்கிக் கிடந்தன. முதல் இட்லி மடியில் விழுந்தது. இரண்டாவது தரையில். அவள் எடுத்து ஊட்டவில்லை.

"ஏம்மா, நீ மனுஷிதானா? ஒரு வாய் ஊட்டி வுட்டா இன்னா கொறஞ்சா பூடுவே?" என்று கத்தியது நான்தான்.

"மூணு மாசம் ஊட்டி ஊட்டித்தான் சார் இந்தக் கை இப்பிடிக் கெடக்குது," என்றாள் உபகாரமேரி. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

2

முதல் வரி இப்படி எழுதினேன்: 'கல்வராயன் மலையில் மேகம் இறங்கிய ஒரு காலையில்...' அடித்துவிட்டேன். கரும்புக் கொல்லையில் குனிந்து நிற்பவளுக்கு மலை எங்கே தெரியும்? கரும்பின் காய்ந்த இலை, சோகைதான் தெரியும். அது கழுத்தை அறுக்கும்.

அடுத்தது: 'வெட்டிய கட்டையிலிருந்து கரும்பு மறுபடி துளிர்ப்பதுபோல மனித மூளையும்...' இதையும் அடித்தேன். கேட்க நன்றாக இருக்கிறது, பொய். கட்டைக் கரும்பு தண்ணீர் பாய்ச்சினால் துளிர்த்துவிடும். மூளையில் செத்த இடம் செத்ததுதான்.

பிசியோதெரபி செய்கிற பெண் இசைவாணி உபகாரமேரியிடம் சொன்னதை அப்படியே வைக்கிறேன். "அந்த இடம் திரும்பி வராதுக்கா. பக்கத்துல இருக்கற இடம் அந்த வேலையக் கத்துக்கும். வேலை குடுத்தாத்தான் கத்துக்கும். நல்ல கையே எல்லாத்தையும் செஞ்சுட்டா இன்னொரு கை இருக்கறதையே மூளை மறந்துடும். இவருக்கு வெரல் கொஞ்சம் அசையுது. அதனால பகல்ல நல்ல கையக் கட்டிப் போடுங்க."

"சின்னப் புள்ளைன்னா கத்துக்கும். இவருக்கு அம்பத்தி நாலு ஆவுதேம்மா?"

"மெதுவாக் கத்துக்கும். இந்த மாசங்கள வுட்டுட்டா இன்னும் மெதுவாயிடும், அவ்ளோதான்."

3

இனி உபகாரமேரி பக்கம் நின்று சொல்கிறேன்.

அவள் புருஷன் சவரியப்பன் முப்பது வருஷமாகக் கரும்பு வெட்டுகிறவர். இடது கை கரும்பைப் பிடிக்கும், வலது கை அடியில் கத்தியைப் போடும். பின்னாலேயே அவள் கட்டுக் கட்டிக்கொண்டு போவாள். ஆவணியில் சோகை உரிக்கும்போது சாய்ந்தார். வெயில் மயக்கம் என்று நிழலில் படுக்கவைத்து மோர் கொடுத்தார்கள். பக்கவாதம் என்று தெரிவதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டது.

[அந்த மூன்று மணி நேரத்துக்கு யாரைத் திட்டலாம் என்று நானும் தேடிப் பார்த்தேன். ஆள் கிடைக்கவில்லை. நான் இருந்திருந்தாலும் மோர்தான் கொடுத்திருப்பேன்.]

கையைக் கட்டிய முதல் வாரம் தட்டைத் தள்ளிவிட்டார். பேச்சு அவருக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். "மாட்ட... கட்டறாப்ல... கட்டற."

"மாடுன்னா சொன்ன பேச்சு கேக்குமே. கையக் காட்டுய்யா."

இரண்டாவது வாரம் சொக்காயின் கீழ்ப் பொத்தான் ஒன்றை வலது கையால் மாட்டினார். கஞ்சி ஆறிப்போகும் அளவு நேரம் ஆனது. அவள் வீட்டுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம்தான் மேஸ்திரி கந்தசாமி வந்தார், கையில் புதுக் கத்தியோடு. வெட்டுக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சாணை. வலக்கைக்காரன் கத்தியை இடக்கையில் பிடித்தால் கரும்பில் இறங்காது, வழுக்கும். கந்தசாமி பட்டறையில் பாதி நாள் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் சாணை பிடித்து வாங்கி வந்திருந்தார்.

"தங்கச்சி, திங்கக்கெழம மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் வெட்டு ஆரம்பம். சவரி ஒத்தக் கையால வெட்டட்டும், நீ கரும்பப் புடிச்சுக் குடு. நம்ம ஆளுங்க அத்தினி பேரும் சரின்ட்டாங்க."

சவரியப்பன் கட்டை அவிழ்க்கச் சொன்னார். உபகாரமேரி ஒரு கரும்பைப் பிடித்தாள். இடக்கையால் ஒரே போடு. சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது, ஆனாலும் மூன்று மாசத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

[இந்த இடத்தில் கந்தசாமியைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். கதைக்கு வசதி. ஆனால், படுத்துக் கிடக்கிற கூட்டாளிக்காகக் கொல்லனிடம் மன்றாடுகிற ஆளை எப்படிக் கெட்டவராக்க...]

"அண்ணே, இத்த எடுத்தாருன்னா சோத்துக் கை செத்துரும்ணே."

"எடுக்கலன்னா ஆளே செத்துருவான். அவன் மூஞ்சப் பாரு தங்கச்சி."

பார்த்தாள். கந்தசாமி சொன்னதும் நிஜமாகத்தான் இருந்தது.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: சவரியப்பன் வெட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற டிராக்டரில் ஏறிவிடுகிறார். கும்பலோடு டீ குடிக்கிறார், அவர்கள் கேலிக்குச் சிரிக்கிறார், மறுபடி ஆள் ஆகிறார். பொங்கலுக்குள் வலது கை விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடுகின்றன.

இரண்டு: உபகாரமேரி துண்டை எடுத்துக் கட்டிவிடுகிறாள். டிராக்டர் போய்விடுகிறது, அவர் இடத்தில் வேறு ஆள். சித்திரையில் வலது கையால் சோறு பிசைந்து சாப்பிடுகிறார். கரும்பு மட்டும் வெட்ட முடியாது, எப்போதும்.

[ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வலது கை தானாக எழுந்து சிலுவை போடுகிற மூன்றாவது முடிவும் உண்டு. அதை எழுதினால் என்னைச் செருப்பால் அடியுங்கள்.]

இரண்டையும் உபகாரமேரிக்குப் போனில் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதிக்கீறீங்க சார். ஆனா ரெண்டுலயும் அவரு வாயத் தொறக்கவே இல்லியே."

இரண்டு தாளையும் திருப்பிப் பார்த்தேன். இல்லைதான்.

"உங்கள இன்னா சொல்றது. கட்டுன நானும் கேக்கல, கத்தி வாங்கியாந்த அண்ணனும் கேக்கல."

5

திங்கட்கிழமை. டிராக்டர் வாசலில் நின்று உறுமிக்கொண்டிருக்கிறது. பின்னால் கும்பல் ஏறிவிட்டது. உபகாரமேரி துண்டையும் எடுக்கவில்லை, கத்தியையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் எதிரில் குந்திக்கொண்டாள்.

"கட்டட்டுமா, போலாமா? உன் கையி. நீ சொல்லு."

"நேரமாவுது சவரி..." என்று கந்தசாமி வாயெடுத்தார். அவள் திரும்பாமலே அவரைக் கையமர்த்தினாள்.

சவரியப்பனின் உதடு அசைந்தது.

"மேரி... எனக்கு..."

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அவருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். நீங்களும் குறுக்கே பேசாதீர்கள்.