ஸ்தாமெனாவை அழைக்காத கதை

1

இந்தக் கதை ஓர் அழைப்பிதழிலிருந்து பிறந்தது. அந்த அழைப்பிதழை எழுதியவன் நான்தான். அதனால் என்னை நல்லவனாகக் காட்டும் வரி எங்காவது தென்பட்டால் நம்பாதீர்கள். லெஸ்கோவட்ஸ் நகரில் வளரும் நிறுவனங்களுக்கு விளம்பர உத்தி வகுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஊரில் என்னை எழுத்துக்காரன் என்பார்கள், பாதி கேலியாக.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“பதினான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு கார் கொட்டகையில், இரண்டு பெண்கள் சுட்ட மிளகாயின் தோலை உரித்து—”

விட்டுவிட்டேன். இது அந்தக் கொட்டகையில் பிறந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்துக்கு நானே எழுதியது. உண்மைதான், ஆனால் விற்பனைக்கு வைத்த உண்மை.

இரண்டாவது தொடக்கம்: “விதோசாவா பேராசைக்காரி.” இது சுத்தப் பொய். கதைக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது, நான் அகப்படாமல் இருக்கவேண்டும் என்பதால் அவளை எழுதினேன். விதோசாவா அக்கா முதலாளியான பிறகும் மிளகாய் சீசனில் தலையில் துணி கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பவள். அந்தக் கொட்டகையில் அவளோடு இருந்த இன்னொருத்தி ஸ்தாமெனா. ஆலை வளர்ந்தபின் உரிப்புக் கூடத்தில் நாற்பது பெண்களை மேய்த்தவள். இவர்கள் ஒருவரையொருவர் திட்டாமல் காபி குடித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் அய்வார் என்னும் சுட்ட மிளகாய்த் தொக்கு பாட்டிலின் லேபிளில் இரண்டு கைகள் சிவப்பு மிளகாயை உரித்துக்கொண்டிருக்கும். ஸ்தாமெனாவின் கைகள். எடுத்த படத்தில் முகமும் இருந்தது. கை போதும் என்று முகத்தை வெட்டியவன் நான். (வியன்னாவில் நன்றாக விற்றது.)

3

போன ஆண்டு நவம்பர், மித்ரோவ்தான் என்னும் புனிதர் திருநாள். ஆலையின் ஸ்லாவா.*

என் உத்தி எளிமையானது: கடைக்காரர்கள் எல்லாரையும் அன்றைக்கே ஆலையில் கூட்டிவிடுவது.

“ஸ்லாவாவுக்கு அழைப்பிதழா? ஊர் சிரிக்கும்டா லூபிஷா,” என்றாள் அக்கா.

“வெளியூர்க்காரங்களுக்கு மட்டும்தான்க்கா. சொல்லலைன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என்னமோ பண்ணு. படிச்சவன் நீ.”

இருநூறு அச்சடித்தோம். அட்டையிலும் அதே கைகள். வந்தவர்கள் புனிதரின் பேரில் அவித்த கோதுமையை ஒரு கரண்டி சாப்பிட்டார்கள், ராக்கியா குடித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். உரிப்புக் கூடத்திலிருந்து ஒருத்தி கூட வரவில்லை. மறுநாள் மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஸ்தாமெனா திரும்பவேயில்லை.

* ஸ்லாவா என்பது காவல் புனிதரின் நாள். அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் வருவார்கள். இதை அடிக்குறிப்பில் போடவேண்டி வந்ததே என் குற்றத்துக்குச் சாட்சி.

4

ஒரு வாரம் கழித்து அக்கா அவள் வீட்டுக்குப் போனாள். துணைக்கு நான்.

“அட்டை கொண்டாந்திருக்கியா?” என்றாள் ஸ்தாமெனா, வாசலிலேயே.

“உனக்கு எதுக்குடி அட்டை? நீ வீட்டு ஆளு.”

“அப்படித்தான் நானும் நெனச்சேன். பதிமூணு வருஷம் யாரும் கூப்பிடல, நான் பாட்டுக்கு வந்தேன். இந்தத் தடவ இருநூறு பேரக் கூப்பிட்டீங்க. கூப்பிட்டா வர்ற எடம்னு ஆயிப்போச்சு. அப்ப கூப்பிடாதவ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவா?”

“இப்பக் கூப்பிடுறேன், வாடி.”

“கூப்பிட்டா நான் விருந்தாளி, விதா. எனக்கும் ஒரு நாற்காலி போட்டு உக்கார வெப்ப.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏன் எழுத்துக்காரா, கை மட்டும் வந்தாப் போதுமோ?”

அதன்பிறகும் காபி போட்டுக் கொடுத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. தெருமுனைக்கு வந்ததும் அக்கா அழுதாள். அவளைத் தேற்ற நான்— [இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை.]

5

இந்த ஆண்டு பெல்கிரேட் பேரங்காடி ஒன்றின் கொள்முதல் தலைவர், அழைப்பிதழ் எப்போது வரும் என்று கேட்டு எழுதியிருந்தார். அவர் தலையசைத்தால் நாடு முழுக்க அவர்கள் கடைகளில் எங்கள் பாட்டில் இருக்கும்.

“அழைப்பு கெடையாது. கதவு தொறந்திருக்கும்னு எழுது,” என்றாள் அக்கா.

“கோவிச்சுக்குவார்க்கா. வரமாட்டார்.”

“வராட்டிப் போறார். அவர் இல்லாம அய்வார் போட்டவதான் நான். அவ இல்லாம போட்டது இந்த சீசன்தான். நல்லாவே இல்ல.”

“ருசியாக்கா?”

“ருசிக்கென்ன, சரியாத்தான் இருந்துச்சு. எனக்கு நல்லால்ல.”

தலைமைப் பண்பு பற்றி நான் மணிக்கணக்காக வகுப்பு எடுத்திருக்கிறேன். அன்று வாயை மூடிக்கொண்டு, அவள் சொன்னபடி எழுதினேன்.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஸ்தாமெனா நாற்பது பெண்களோடு சிரித்துக்கொண்டே நுழைகிறாள். (அழுதபடி எழுதினேன். படித்தால் விளம்பரப் படம். கிழித்தேன்.)

அவள் வரவில்லை. (நடக்கக்கூடியது. அக்காவுக்கு இதைப் படித்துக்காட்ட எனக்குத் துணிவில்லை.)

தாமதமாக, பின்வாசல் வழியே வருகிறாள். யாரோடும் பேசாமல் பாத்திரம் கழுவத் தொடங்குகிறாள். அக்கா பக்கத்தில் போய் நின்று, “சோப்பு வீணாக்காதடி” என்று— (இதுதான் என் ஆசை. அதனாலேயே இதை நம்பமுடியவில்லை.)

7

இன்றைக்கு மித்ரோவ்தான். மணி பதினொன்றரை. பொதி கட்டும் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேரங்காடிக்காரர் வரவில்லை. மெழுகுவர்த்தி எரிகிறது. ஏழெட்டுப் பெண்கள் வந்து, கோதுமையை வாயில் போட்டுக்கொண்டு, கதவைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“ஸ்லாவா ரொட்டியை வெட்டலாமா அம்மா?” என்கிறார் பாதிரியார்.

“கொஞ்சம் பொறுங்க சாமி,” என்கிறாள் அக்கா. இது மூன்றாம் முறை.

புது ஆலையின் கதவு ஊழியர் அட்டை காட்டினால்தான் திறக்கும். விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும்.

“டேய், எழுதினது போதும். வந்து கதவப் புடிடா!”

ஸ்தாமெனா தெருமுனையில் திரும்புகிறாள் என்று எழுதக் கை துடிக்கிறது. எழுதமாட்டேன். என் வாக்கியம் அவளை உள்ளே கொண்டுவந்தால் அது நான் அச்சடிக்கும் இருநூற்றோராவது அட்டை. நீங்களும் மனதுக்குள் அவளைக் கூப்பிட்டுவிடாதீர்கள். முடிவு தெரியவேண்டுமென்றால் இங்கே வந்து எங்களோடு நில்லுங்கள். நான் கதவைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.