கொடியில் காயும் சித்ரா

பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் மாம்பூ விடும் தை மாதத்தில் சந்தனத்தின் மகள் சித்ரா, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தன் தோலைக் கிழிசல் இல்லாமல் கழற்றி, அலசி, கொடியில் காயப் போடுவாள். இரண்டு கிளிப் போதும். காற்று பலமாக இருந்தால் நான்கு. பக்கத்துத் தோப்புக்காரர்கள் பார்த்துவிட்டு, "இந்த வருசம் நேரத்துலயே கழட்டீட்டா, பூ நல்லாப் புடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

ஒரே தொந்தரவு ரேஷன் கடையில்தான். சந்தனத்தின் விரல் ரேகைகளை முப்பது வருஷத்து மாங்காய்ப் பால் தின்றுவிட்டது. சித்ராவின் விரலோ வருஷா வருஷம் புத்தம் புதுசு. மெஷினுக்கு அவளைத் தெரியவில்லை. கடைக்கார ஜிபின்தான் வழி சொன்னார்: "சேட்டா, பழசு இருந்தா எடுத்துட்டு வாங்க." அன்றிலிருந்து, ஆதாருக்கு ரேகை பதிந்த வருஷத்துத் தோலை மஞ்சப்பையில் மடித்துக் கொண்டுபோனார் சந்தனம். தோலின் விரலை வைத்தால் பச்சை விளக்கு. பக்கத்தில் நிற்கும் சித்ராவின் விரலை வைத்தால் சிவப்பு. அரிசி வந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

இதற்குக் காரணம் என்று ஊர் சொன்னது பாம்பை. பூட்டன் ஒருவர் தோப்பு போடப் புற்றை இடித்தாராம். தோஷம் வெளியே போனால் ஊரையே பிடிக்கும், பெண் கொடுத்து எடுத்து வீட்டுக்குள்ளேயே கரையுங்கள் என்றார் ஒரு ஜோசியர். கரைத்தார்கள், ஐந்து தலைமுறையாக. மாமன் மகள், அத்தை மகன், மறுபடி மாமன் மகள். தோப்பும் பிரியாமல் இருந்ததால் ஜோசியர் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தலைமுறைக்கு ஒருத்தருக்குத் தோல் உரிந்துகொண்டே இருந்தது.

சித்ராவையும் தாய்மாமன் மகன் ஜெகனுக்குப் பேசியிருந்தார்கள். பேசாவிட்டாலும் அவர்கள் கட்டிக்கொள்ளத்தான் இருந்தார்கள். வியர்வையே வராத உடம்பு அவளுக்கு, ஈரத்துண்டைப் போர்த்தித்தான் வெயிலில் நடப்பாள். அதைப் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் போர்த்த வேண்டி வருமா என்று தெரிந்துகொண்டுதான் தாலி என்றாள். வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நின்று, அவளும் ஜெகனும் சந்தனமும் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டர் சுஷ்மா பொறுமையாகச் சொன்னார். தோல் உடம்பில் ஒட்டி நிற்க ஒரு குறிப்பு உண்டு. அப்பா தருவது ஒன்று, அம்மா தருவது ஒன்று. ஒன்று சரியாக இருந்தால் போதும். சித்ராவுக்கு இரண்டுமே பிழை. ஜெகனுக்கு ஒன்று பிழை, அதனால் வெளியே தெரியவில்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தோல் உரியப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பள்ளிக்கூடத்தில் பட்டாணிச் செடிப் பாடத்தின்போது தூங்கிய நமக்கே இது புரிகிறது.

"அப்ப பாம்பு?" என்றார் சந்தனம்.

"பாம்புக்கு இதுல சம்பந்தமே இல்லைங்க. கரைக்கிறோம்னு நீங்கதான் சேர்த்து வெச்சிருக்கீங்க."

இத்தனை வருஷம் புற்றுக்குப் பால் ஊற்றிய சந்தனத்துக்கு அது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

"பாதிக்குப் பாதிங்களா?" என்றாள் சித்ரா. "எங்க தோப்புல பூத்ததுல நூத்துக்கு ஒண்ணு பிஞ்சு நின்னாலே கும்புடுவமுங்க."

ஜெகன் சிரிக்கவில்லை. பஸ்ஸில் தனியாக முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டான். மாசி முழுக்க அந்தப் பக்கமே வரவில்லை. அவன் வீட்டில் வேலந்தாவளத்தில் ஒரு பெண் பார்ப்பதாகக் கேள்வி.

சித்ரா தன் வேலையைப் பார்த்தாள். ஆனால் கொடியில் கிடந்த தோல், கிழக்கே இருந்து அடித்த கணவாய்க் காற்றை எதிர்த்து, கிழக்கே இருந்த ஜெகன் வீட்டுப் பக்கமே சாய்ந்து நின்றது. மானம் போகிறது, எடுத்து மடித்து வை என்றார் சந்தனம். "அது பாட்டுக்கு நிக்கட்டுங்கப்பா" என்றாள் அவள்.

பங்குனியில் ஒரு நாள் ஜெகன் நைலான் கயிற்றோடு வந்தான். அவள் கொடிக்குக் கீழே இடுப்பு உயரத்தில் இன்னொரு கொடி கட்டினான்.

"இதென்னுங்க மாமா?" என்றாள் சித்ரா.

"பாதிக்குப் பாதின்னாங்கல்ல."

"மீதிப் பாதி வந்துட்டா?"

"தூளித்துணி காயட்டும்."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷம் பிள்ளை பிறந்தது. மூன்று வருஷமாகத் தாழ்ந்த கொடியில் தூளித்துணியும் குட்டிச் சட்டைகளும்தான் காய்ந்தன. இந்தத் தையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தோல்கள் காய்ந்தன. கீழே இருந்தது துண்டைவிடக் கொஞ்சம் பெரிசு. காற்று பலமாக இருந்ததால் அதற்கும் நான்கு கிளிப் போட்டான் ஜெகன்.