நாலு பக்கமும் பச்சை

“அணைச்சுத் தொலைங்க சித்தி, ஆளுங்க வர்ற—”

“கைய எடுடா. எடுன்னு சொல்றேன்ல—”

“வர்ற நேரத்துல டொய்ங் டொய்ங்னு இது வேற—”

“டொய்ங்காம்! உங்கம்மா காதுல விழுந்தா உன்னை—” என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், அந்த வார்த்தையில் அப்படியே நின்றுவிட்டாள்.

அவன் கை சுவிட்சின் மேல் இருந்தது. அவன் மணிக்கட்டு அவள் பிடியில் இருந்தது. கட்டிலில் அவன் அம்மா, பெரியவள், கழுத்துவரை போர்த்தியபடி, இருவருக்கும் சம்பந்தமில்லாதவள்போலக் கிடந்தாள். பத்து இருபதுக்கு மூச்சு நின்றது. டாக்டர் வந்து பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயாயிற்று. இரண்டு மணிக்கு எடுத்துப்போக வண்டி வரும்.

“எவ்வளவு நேரம்தான் ஓடணும் இது?” என்றான் மகன், கையை எடுக்காமலே.

“ஒரு சுத்து. ஒரு சுத்து முடியட்டும், அப்புறம் அணைச்சிடுன்னு போன வாரமே சொல்லி வச்சா. என்கிட்ட அவ கேட்டதே அது ஒண்ணுதான்.”

“ஒரு சுத்துன்னா?”

“அஞ்சரை மணி நேரம். காலையில எட்டு நாப்பதுக்கு ஆரம்பிச்சா. ரெண்டேகால் கிட்ட முடியும்.”

“வண்டி ரெண்டு மணிக்கு!”

“வரட்டும். வந்து நிக்கட்டும். அவளுக்கு இனிமே என்ன அவசரம்?”

அவன் கையை எடுத்துக்கொண்டான். கோபம் போய் அல்ல, அலுப்பில். சின்னவளும் அலுத்துப்போய்த்தான் இருந்தாள். பதினோரு வாரம் அக்காவைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, தனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே வலியினால்தான் தெரிந்தது. கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

கட்டிலை ஒட்டிச் சக்கர மேஜையில், மின்சாரத்தில் சத்தம் எழுப்பும் அந்த மாடுலர் சிந்தசைசர் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் பெரிதாக இருந்தாலும் பார்வைக்கு ஒரு இரும்புச் சட்டம். அதில் நூறு துளை, ஐம்பது திருகு, துளைக்குத் துளை வளைந்து தொங்கும் கலர் கலரான வயர்கள். நடுவில் நாலு வரிசைச் சின்ன விளக்குகள். ஒரு வரிசை ஐந்து படி போய்த் திரும்ப முதலுக்கு வரும். அடுத்தது ஏழு. அடுத்தது பதினொன்று. கடைசி வரிசை பதின்மூன்று. ஒரு படிக்கு நாலு விநாடி. வரிசைக்கு ஒரு சத்தம்: ஒன்று கண்ணாடி டம்ளரின் விளிம்பில் விரல் தேய்த்ததுபோல இழுக்கும். ஒன்று தூரத்தில் யாரோ கதவு சாத்தியதுபோல முனகும். ஒன்றோடொன்று சேராமல், சண்டையும் போடாமல், நாலும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். நாலும் எப்போதாவது ஒரே நேரத்தில் முதல் விளக்குக்கு வந்து சேர்ந்தால், அடியிலிருந்து கனமாக ஒரு சத்தம் எழும். அதுதான் சுற்று முடிவது. மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் முதலிலிருந்துதான்.

நகராட்சியில் முப்பத்து நாலு வருஷம் சிக்னல் விளக்குகளுக்கு நேரம் வைத்தவள் பெரியவள். எந்த நாற்சந்தியில் எத்தனை விநாடி சிவப்பு, எத்தனை விநாடி பச்சை என்பது அவள் கணக்கு. ஓய்வுபெற்ற பிறகு இந்தச் சட்டத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கனமான சத்தத்துக்கு அவள் வைத்த பெயர் ‘நாலு பக்கமும் பச்சை.’

“ரோட்டுல அது நடந்திருந்தா என் வேலை போயிருக்கும்டீ. இங்க நடந்தா எவ்வளவு நல்லாயிருக்கு பாரு” என்பாள்.

“இதுல ராகம் எங்கக்கா இருக்கு?”

“உன் வாயில இருக்கு. கொஞ்சம் மூடு, கேக்கும்.”

மகன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். “கடைசியா ஏதாவது சொன்னாங்களா?” என்றான்.

“மேஜைய கட்டில் பக்கம் தள்ளச் சொன்னா. தள்ளிட்டுக் கஞ்சிய இறக்கப் போனேன். வர்றதுக்குள்ள தானே ஆரம்பிச்சு வச்சிருந்தா. அதோட சரி. அப்புறம் கை எழும்பவே இல்ல.”

“நேத்து நான் கத்தினது...”

“அதெல்லாம் மனசுல வச்சுக்கற ஆளா அவ?”

எட்டு மாதம் கழித்து நேற்று சாயங்காலம் வந்தவன், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேச வாயைத் திறந்தான். பெரியவள் ஒரு விரலைத் தூக்கினாள்: இரு, எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவன் அரைமணி பொறுத்துப் பார்த்துவிட்டு, “எப்பம்மா இது முடியும்? இதுக்கு முன்னாடி ஒக்காரவா நான் அவ்வளவு தூரத்துலேருந்து வந்தேன்?” என்று கத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்தினான். முன்னறையில் படுத்தான். காலையில் எட்டரைக்கு டவுனிலிருக்கும் மருந்துக்கடைக்குப் போனான். திரும்பி வந்தபோது பையிலிருந்த ஊசி மருந்துக்கு வேலை இல்லை.

சின்னவளுக்கு வேறு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. பத்து மணி வாக்கில் விரிப்பை மாற்ற அக்காவைப் புரட்டினாள். முழங்கை பட்டு ஒரு மஞ்சள் வயர் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பதறிப்போய், அது இருந்த துளை என்று தோன்றிய துளையில் குத்தினாள். சத்தம் தொடர்ந்தது, அப்பாடா என்றிருந்தது. அதுவரை படிகளை எண்ணித் தங்கையின் கையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்த அக்காவின் விரல் நின்றுபோயிற்று. கண்ணைத் திறந்து மேஜையைப் பார்த்தாள். அப்புறம் தங்கையைப் பார்த்தாள்.

“தண்ணி வேணுமாக்கா?”

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

ஒன்றேகாலுக்கு ஈயம் வந்தார். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர். சூட்டுக்கோலும் ஈயக்கம்பியுமாகவே திரிவதால் பெரியவள் வைத்த பெயர் அது. சட்டத்தின் பாதியைப் பற்றவைத்துக் கொடுத்தவர் அவர்தான். கட்டிலருகில் கொஞ்ச நேரம் நின்றார். மூக்கைச் சிந்தினார். பிறகு பழக்கதோஷத்தில் மேஜைப் பக்கம் குனிந்தார்.

“என்ன இது? பன்னெண்டுல இருக்கு?”

சின்னவள் முழங்கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“எது?” என்றான் மகன்.

“இந்த மஞ்சள் வயர் தம்பி. இத எந்தப் படியில குத்துறோமோ, அதோட அந்த வரிசை முதலுக்குத் திரும்பிடும். ரெண்டு வருஷமா பதிமூணுலதான் வச்சிருந்தாங்க. நான் எவ்வளவோ சொன்னேன், நீளம் ஜாஸ்தி, குறைங்கன்னு. ‘நீ ஈயத்தப் பாரு’ன்னுட்டாங்க.” விரல் விட்டுக் கணக்குப் போட்டார். “பன்னெண்டுன்னா இருபத்தஞ்சு நிமிஷம் குறையுது. எத்தனை மணிக்குப் போட்டாங்க?”

“எட்டு நாப்பது.”

“அப்ப ஒண்ணு நாப்பத்தெட்டுக்கு முடிஞ்சிடும். வண்டி எப்போ?”

“ரெண்டு.”

“பாத்தீங்களா! யாருக்காகவும் குறைக்காத மனுஷி.”

மகன் சுவரில் சாய்ந்தான். “எப்ப முடியும்னு கேட்டேன்” என்றான். “நேத்து நான்தான் கேட்டேன், எப்பம்மா முடியும்னு. எனக்காகக் குறைச்சிருக்காங்க.” சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். வந்ததிலிருந்து இப்போதுதான் அழுகிறான்.

“டேய்...” என்று சின்னவள் ஆரம்பித்தாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மூக்கு சிவந்து, நாலு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது இருந்த அதே முகம்.

“டீ போடட்டுமா?” என்றாள்.

அடுப்படியில் நின்று பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட வேண்டும். எதைச் சொல்வது? உங்கம்மா உனக்காக ஒன்றும் குறைக்கவில்லை, என் முழங்கைதான் குறைத்தது என்றா? ரெண்டு வருஷமாக அவள் காத்து வைத்திருந்ததைக் கடைசி இருபது நிமிஷத்தில் நான் கெடுத்தேன் என்றா? சொன்னால் அவனுக்கு என்ன மிஞ்சும்? பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

திரும்பி வந்தபோது மகன் மேஜைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். ஈயம் அவனுக்கு வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இந்தக் கண்ணாடிச் சத்தம் ஏழு. எண்ணிப் பாருங்க.”

“ஆமா... ஏழு. இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே.” அவன் விரலைத் தொடையில் தட்டிக்கொண்டான். “சித்தி, வாங்க. ஒக்காருங்க. இன்னும் பத்து நிமிஷம்தான்.”

அவள் டம்ளர்களை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். டீ யாரும் தொடவில்லை. ஒன்றே முக்கால் ஆயிற்று. ஈயம் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மகன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்த்தான். சாமியோ பூதமோ, ஏதாவது ஒன்று வந்து இதைச் சேர்த்துவைக்கட்டும் என்று சின்னவள் வேண்டிக்கொண்டாள்.

ஒன்று நாற்பத்தெட்டு. ஐந்தின் வரிசை முதல் விளக்குக்கு வந்தது. அதே நொடியில் ஏழு. அதே நொடியில் பதினொன்று. கடைசி வரிசை நாலாவது விளக்கில் நின்றது.

கனமான சத்தம் எழவில்லை. நாலு விநாடி கழித்து எல்லாம் அடுத்த படிக்குப் போய்விட்டன.

“என்ன ஆச்சு?” என்றான் மகன்.

“மூணு சேந்துச்சு. கணக்கு சரிதான். இது மட்டும்...” ஈயம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வயரை உற்றுப் பார்த்தார். “ஓடிட்டிருக்கும்போது நடுவுல மாத்தினாத்தான் இப்படித் தப்பும்.”

“நடுவுலயா?”

“ஆரம்பத்துலேருந்தே பன்னெண்டுன்னா சேந்திருக்கணும் தம்பி.”

“அம்மாவால எப்படி? ஆரம்பிச்சு வச்சதோட சரி, அப்புறம் கையே எழும்பலன்னு...”

அவன் முடிக்கவில்லை. வாசலில் வண்டி வந்து நிற்கும் ஓசை கேட்டது. கதவு திறந்தது, இரண்டு பேர் இறங்கினார்கள். ஈயம் எழுந்து வாசலுக்குப் போனார். சின்னவள் போர்வையின் ஓரத்தைப் பிடித்து, ஏற்கனவே சரியாக இருந்த மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மகன் திரும்பவில்லை. விளக்குகளையே பார்த்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

“சித்தி, அப்ப அம்மா பக்கத்துல யாரு இருந்தது?”