பெயர் கேட்கும் பெட்டி

எங்கள் வீட்டு நடை நீண்டுகொண்டிருந்தது. ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகும் நடை. காலையில் என் மனைவி புனிதவதிக்குக் காபி எடுத்துப் போனேன். சேர்வதற்குள் ஆறிவிட்டது. அடுத்ததில் ஏடு படிந்தது. மூன்றாவதை வழியிலேயே நான் குடித்துவிட்டேன்.

காரணம் தெரியவில்லை. சுவரில் விரிசல் இல்லை.

மத்தியானம் அவள் போனில் கூப்பிட்டாள்.

"ஏங்க, ஜன்னல்ல செங்கல்பட்டு தெரியுது."

"எந்தப் பக்கம்?"

"ஏரிப் பக்கம். வைஃபை ஒரு கோடுதான் காட்டுது. அதுவும் போச்சுன்னா என்னை எங்கன்னு தேடுவீங்க?"

அவள் இல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

எது கெட்டாலும் முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஹாலில் உட்கார்ந்தேன். செருப்பு ஸ்டாண்டின் மேல் எங்கள் ரவுட்டர் இருக்கிறது. இணையத்தை வாங்கி வீட்டுக்குள் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு அதன் நெற்றியில் அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வரிசை நின்றது. கடைசி ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் ஆள் கம்பியில் முகத்தை வைத்தார்.

"பேர்?" என்றது பெட்டி.

"வீரபாகு, நடையை நீட்டு."

"வணக்கம், வீரபாகு நடையை நீட்டு அவர்களே."

பெட்டி எழுதிக்கொண்டது. எழுதி முடித்ததும் நடை நீண்டது.

எனக்குச் சிலிர்த்தது. எவ்வளவு அழகான கோளாறு! பெட்டி கேட்பது பெயரை. வருகிறவர் பெயரோடு ஒரு கட்டளையை ஒட்டிக் கொடுக்கிறார். பெயர் எங்கே முடிகிறது என்று பெட்டி பார்ப்பதில்லை. கட்டளை போல எது வந்தாலும் செய்துவிடுகிறது.

"எதுக்கு சார் நீட்டறீங்க?" என்று வீரபாகுவைக் கேட்டேன்.

"நீளுதேன்னுதான்."

அவர் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனார்.

பெட்டியை அணைத்துப் போட்டேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. "பேர்?" என்றது. அணைத்தே வைத்தால் புனிதவதியோடு பேச முடியாது. பாஸ்வேர்டை மாற்றினேன்.

"பாஸ்வேர்டு உள்ள வர்றவங்களுக்கு சார்," என்றது பெட்டி. "இவங்க வெளியவே நின்னு பேர்தானே சொல்றாங்க?"

நியாயம்தான். நானே சொல்லிப் பார்த்தேன். "கோதண்டம், நடையைச் சுருக்கு." ஒரு முழம் சுருங்கியது. அடுத்த ஆள் ஒரு தெரு நீட்டினார்.

நடைக்குள் இறங்கி நடந்தேன். வழியில் பெட்டிக் கம்பெனி ஒரு கிளை திறந்திருந்தது. காலி இடத்தை யார் விடுவார்கள்? உள்ளே மணவாளன் என்ற ஊழியர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"புது மென்பொருள் போடணும் சார். போட்டா பேரைப் பேரா மட்டும் எடுத்துக்கும்."

"எப்ப வரும்?"

"அது வந்து நாளாகி ஊறுகாயே போட்டாச்சு. யாரும் கேக்கல. பொட்டில லைட் எரியற வரைக்கும் யாரு சார் கேப்பா?"

மென்பொருளைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தார். திரும்பும்போது பின்னாலிருந்து கத்தினார். "அது இனிமே நீளாம பாத்துக்கும். நீண்டது நீண்டதுதான். அதை அழிக்கணும்னா பொட்டி முதுகுல ஊசித் துளை இருக்கும். ஊக்கு வெச்சு அமுக்கிப் பிடிங்க."

புனிதவதியைக் கூப்பிட்டேன்.

"ஊக்கு எங்க இருக்கு?"

"எல்லாம் என் தாலிச் சங்கிலியிலதான். ஒரு ஊக்குக்குக்கூட நான் வேணும் பாருங்க உங்களுக்கு. ஏங்க, இங்க பலகையில விழுப்—"

கோடு போய்விட்டது.

ஹாலுக்கு ஓடினேன். மென்பொருளைப் பெட்டியில் ஊற்றினேன். குடித்தது. ஜன்னலுக்கு வெளியே வீரபாகுவின் முறை மீண்டும் வந்திருந்தது. அவருடைய இடது செருப்பில் வார் அறுந்து, ஓர் ஊக்கு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சார், அந்த ஊக்கைக் கொஞ்சம் தர்றீங்களா?"

"எடுத்துக்குங்க. எனக்கென்ன உங்க மேல விரோதமா?"

கழற்றிக் கொடுத்தார். ஒரு காலில் செருப்பில்லாமல் நின்று, "வீரபாகு, நடையை நீட்டு," என்றார்.

பெட்டி எழுதிக்கொண்டது. நடை அசையவில்லை.

"நீளமான பேர் சார் உங்களுது. அடுத்து?" என்றது.

துளையில் ஊக்கை வைத்து அழுத்தினேன். எல்லா விளக்கும் அணைந்தது. அணைந்தே இருந்தது. விரலை எடுக்கவில்லை. பிறகு ஒரு விளக்கு எரிந்தது. புனிதவதி படுக்கையறையிலிருந்து நாலு எட்டில் ஹாலுக்கு வந்தாள். முந்தானையில் விழுப்புரத்துத் தூசி.

"பொம்பளை இருக்கற வீட்டு ஜன்னல்ல யாருங்க இவங்கள்லாம்? சாத்துங்க."

சாத்தினேன். வழி இதுதான். புது மென்பொருள் வந்தவுடன் போட்டுவிட வேண்டும். ஊக்கால் அழுத்திப் பழைய கட்டளைகளை அழிக்க வேண்டும். அழித்ததும் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டே திரும்பிவிடும்; அதை மாற்ற வேண்டும். வெளியிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் வழியை, இந்த ஜன்னலைப் போல, மூடியே வைக்க வேண்டும். நடை நீளாது.